அது சாவி

"உள்ள போனதும் யாரு என்னா கேட்டாலும் தலையக் குனிஞ்சுக்கோ. வாயத் திறக்கவே கூடாது. சரியா சின்னா?"

2015ஆம் வருஷம், சித்தூர் மிட்டூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பதினாலு வயது மகனுக்கு நான் சொல்லிக்கொடுத்த பாடம் இது. அவனுடைய அப்பாவை டாக்டராக உட்காரவைத்து மூன்று தடவை ஒத்திகை பார்த்தோம். "பேரு ஏமி நாயனா?" என்று அவர் தெலுங்கில் கேட்பார். முதல் தடவை சின்னா பெயரைச் சொல்லிவிட்டான். இரண்டாவது தடவை சிரித்துவிட்டான். மூன்றாவது தடவை மோவாய் நெஞ்சில் படும்படி தலையைக் குனிந்து, அசையாமல் உட்கார்ந்திருந்தான். கட்டிப்பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தேன்.

இதில் என்ன தப்பு என்று புரிய வேண்டுமானால் அந்த வாய் எப்படித் திறந்தது என்று முதலில் சொல்ல வேண்டும்.

சின்னா டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவன். 21ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று. நாக்கும் தாடையும் தளர்ந்தே இருக்கும். பேச்சு வரத் தாமதமாகும், வந்தாலும் கொழகொழவென்றுதான் வரும். சித்தூர்க்காரர்களுக்குச் சாமி என்றால் திருப்பதி, பெரிய வைத்தியம் என்றால் வேலூர். ஒரு மணி நேர பஸ்தான். அவனுக்கு ஒன்றரை வயதாகும்போது அந்த பஸ்ஸில் ஏற ஆரம்பித்தேன். வேலூரில் ஒரு பயிற்சியாளரம்மா, உறிஞ்சு குழாயால் தண்ணீரில் முட்டை விடச் சொன்னார், பீப்பி ஊதச் சொன்னார், உதட்டோரத்தில் தேனைத் தடவி நாக்கால் தொடவைக்கச் சொன்னார். வீட்டில் தினமும் காலையும் மாலையும் அதுதான் வேலை. அஞ்சு வயதில் முதல் சொல் வந்தது. அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. "பத்து" என்றான். பஸ்ஸைத்தான் அப்படிச் சொன்னான். அன்றைக்குத் தெருவுக்கே சர்க்கரைப் பொங்கல் கொடுத்தேன்.

அந்தப் பயிற்சியாளரம்மா முதல் நாளே ஒரு கேள்வி கேட்டார். "இவன் தானா என்னென்ன செய்வான்?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என்னென்ன செய்யமாட்டான் என்றால் மூச்சு விடாமல் சொல்லியிருப்பேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, புதிதாக எதைச் செய்தாலும் தேதி போட்டு எழுதச் சொன்னார். கிண்ணத்தை இரண்டு கையால் பிடித்தான். செருப்பைச் சரியான காலில் போட்டான். வெளியே போகும் அப்பாவுக்கு டாட்டா காட்டினான். நாலு நோட்டு நிரம்பியது.

வேலூர் என்றதும் மேரி வர்கீஸைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சி.எம்.சி.யில் இளம் டாக்டராக இருந்தவர். 1954இல் நடந்த சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்து, 1966இல் பாகாயத்தில் அதற்கென்று தனி நிலையம் உருவாகக் காரணமாக இருந்தார். மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்த்து அங்கிருந்து தொடங்குகிற வைத்தியம் அது. சின்னாவின் நோட்டு அந்த மண்ணில்தான் ஆரம்பித்தது. பத்து வருஷத்துக்கும் மேலாக அதில் எழுதிவந்த நான்தான், ஒத்திகை பார்த்த அந்த ராத்திரி நோட்டை அலமாரியில் மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டு, "வாயைத் திறக்காதே" என்றேன்.

காரணம் 500 ரூபாய்.

ஆந்திராவில் 2014 அக்டோபரிலிருந்து ஊனமுற்றோர் பென்ஷன் இரண்டு தட்டாகப் பிரிந்தது. 40 முதல் 79 பர்சன்ட் வரை மாதம் 1000 ரூபாய். 80உம் அதற்கு மேலும் என்றால் 1500. சின்னாவின் சதரம் சர்ட்டிபிகேட்டில் 75 என்று இருந்தது. சதரம் என்பது கம்ப்யூட்டர் மூலம் ஊனத்தை அளந்து சான்றிதழ் தருகிற ஏற்பாடு. எங்கள் பக்கத்தில் அந்த ஒரு காகிதம் இல்லாவிட்டால் பென்ஷன் இல்லை, பஸ் பாஸ் இல்லை. அறிவு வளர்ச்சிக் குறைபாட்டில் மிதமானது என்றால் 75, கடுமையானது என்றால் 90. நடுவில் எதுவும் கிடையாது. அதாவது இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்தால் மாதம் 500 ரூபாய் கூட வரும். சின்னாவின் அப்பா மாங்கூழ் தொழிற்சாலையில் சீசன் ஆள். பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வருகிற மூன்று மாதம் ராத்திரி பகல் வேலை, மீதி ஒன்பது மாதம் கிடைத்த வேலை. வெள்ளை ரேஷன் கார்டுக் குடும்பம். எங்களுக்கு 500 ரூபாய் என்பது வேலூருக்கு நாலு தடவை போய்வருகிற காசு. அதைத் தப்பென்று நினைக்கக்கூட அப்போது எனக்கு நேரமில்லை.

சதரம் மறுபரிசோதனை முகாமில் நல்ல கூட்டம். எங்கள் முறை வந்தபோது மணி பன்னிரண்டு. பரிசோதித்த அம்மா பொறுமையானவர், சின்னாவுக்குத் தண்ணீர் கொடுத்தார். மேஜைமேல் ஒரு சீப்பு, ஒரு பேனா, ஒரு ரூபாய் நாணயம், ஒரு சாவி. சாவியை எடுத்து அவன் முகத்துக்கு நேரே பிடித்து, "இதேமிடி நாயனா?" என்றார். எங்கள் வீட்டுச் சாவியை மாலையில் ஆணியிலிருந்து எடுத்துக்கொடுப்பதே சின்னாதான். வாய் லேசாகத் திறந்தது. சட்டென்று என் பக்கம் திரும்பினான். நான் கண்ணைத் தரைக்கு இறக்கிக்கொண்டேன். அவனும் தலையைக் குனிந்துகொண்டான். அந்த அம்மா காத்திருந்தார். மறுபடி கேட்டார். தமிழில்கூடக் கேட்டார். பிறகு பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டு சாவியைக் கீழே வைத்தார். அது மேஜையில் பட்ட சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

வாசலில் தள்ளுவண்டியில் மசால் வடை வாங்கிக்கொடுத்தேன். முந்தின ராத்திரி சொன்ன சொல். வடையைக் கையில் வாங்கி, கடிக்காமல் என்னைப் பார்த்து, "நல்லா இந்தேனாம்மா?" என்றான். அவனுக்கு 'ரு' வராது.

"ரொம்ப நல்லா இருந்தே கண்ணு," என்றேன்.

90 பர்சன்ட் வந்தது.

இதோடு நின்றிருந்தால் என் பிள்ளைக்கு மட்டும் செய்த பாவம் என்று ஆகியிருக்கும். அப்படி நிற்கவில்லை. சின்னாவுக்காக அலைந்ததில் எனக்கு எல்லாப் படிவமும் அத்துப்படி. எந்த கவுன்டரில் என்ன கேட்பார்கள், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனுவை எப்படி எழுத வேண்டும், மீசேவா அரசு சேவை மையத்தில் எப்போது கூட்டம் இருக்காது என்று எல்லாம் தெரியும். கிரீம்ஸ்பேட்டையிலிருந்தும் கட்டமஞ்சியிலிருந்தும் பூதலப்பட்டிலிருந்தும் தாய்மார்கள் தேடிவந்தார்கள். ஒரு பைசா வாங்கியதில்லை. பஸ் காசுகூட என்னுடையதுதான். 'சதரம் அக்கா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரில் எனக்குப் பெருமை. அந்த வருஷங்களில் முப்பது குடும்பத்துக்குமேல் முகாமுக்குக் கூட்டிப்போயிருப்பேன். கூட்டிப்போகும்போது பஸ்ஸிலேயே பாடம் நடக்கும். "இன்னிக்கு மட்டும் அவன பேசவுடாதே." "நடக்கறான்னு காட்டிக்காதே, தூக்கிட்டுப் போ."

பெருமூளை வாதம் உள்ள பதினோரு வயதுப் பெண் ஒருத்தி. காலிப்பர் மாட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கப் பழகியிருந்தாள். காலிப்பரைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னது நான். அவளுடைய அம்மா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரிசையில் ரெண்டு மணி நேரம் நின்றாள். அந்தப் பெண் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டே இருந்தாள். தூக்கம் வருகிறது என்று நினைத்தேன்.

2015 டிசம்பர் 3. உலக மாற்றுத்திறனாளிகள் தினத்துக்குச் சித்தூரில் கூட்டம். தாய்மார் சார்பில் மேடையில் பேசியவள் நான். இவர்களால் முடியாததைப் பார்க்காதீர்கள், முடிவதைப் பாருங்கள் என்றேன். நன்றாகப் பேசினேன் என்றார்கள். மனதார நம்பித்தான் பேசினேன். மேடையில் ஒன்றும் முகாமில் ஒன்றுமாக இருக்கிறேன் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. எனக்குப் பிறகு சின்னா மைக்கில் தன் பெயரைச் சொல்ல வேண்டும். சின்னா போகிற, சிறப்புக் குழந்தைகளுக்கான பவிதா மையத்து டீச்சர் ஒரு மாதமாகப் பழக்கியிருந்தார். மைக்கின் முன்னால் போய் நின்றான். எதிரே புதிய முகங்கள், நாற்காலி நாற்காலியாக. தலையைக் குனிந்துகொண்டான். ஒரு நிமிஷம் போனது. இரக்கப்பட்டு எல்லோரும் கை தட்டினார்கள். அவன் கீழே இறங்கிவந்து என் முகத்தைப் பார்த்தான். கூச்சம் என்று டீச்சரிடம் சொன்னேன். "வீட்ல நம்பரெல்லாம் சொல்றான்றீங்க, இங்க யாராச்சும் புதுசா வந்தா வாயே திறக்கறதில்லையேமா," என்று அவர் அதற்கு முன்பும் இரண்டு தடவை கேட்டிருந்தார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

2016 புரட்டாசி. திருமலையில் ஏழு நாள் ஸ்ரீவாரி சேவைக்குப் போயிருந்தேன். 2000ஆம் வருஷம் தொடங்கிய தொண்டர் ஏற்பாடு அது. ஆரஞ்சு சேலையும் கழுத்தில் ஸ்கார்ப்புமாகப் பெண்கள் வரிசைகளிலும் சமையல்கூடத்திலும் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். எனக்குத் தரிகொண்ட வெங்கமாம்பா அன்னப்பிரசாதக் கூடத்தில் வேலை. அந்த அம்மையார் எங்கள் பக்கத்துத் தரிகொண்டாவில் பிறந்த கவிஞர். திருமலையில் வந்தவர்க்கெல்லாம் தண்ணீரும் சோறும் கொடுத்தவர். அவர் பெயரிலான கூடத்தில் பரிமாறுவது எனக்குப் பெரிய விஷயம். கடைசி நாள் தரிசனத்துக்குச் சின்னாவை அழைத்துக்கொண்டு அவனுடைய அப்பா மேலே வந்தார்.

மத்தியானம் ஒன்றரை மணி இருக்கும். கல்யாணக்கட்டையில் முடி கொடுக்கப் போனவர், பையைச் சின்னாவின் மடியில் வைத்து, படியில் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனார். மொட்டையடித்துக்கொண்டு திரும்பியபோது படியில் பை மட்டும் இருந்தது.

அவர் நான் பரிமாறிக்கொண்டிருந்த கூடத்துக்கு ஓடிவந்தார். தலையில் சந்தனம், கழுத்துவரை வியர்வை. அவரை எனக்கே ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. "பையன் அங்க இல்ல," என்றார். கையிலிருந்த சாம்பார் வாளியை எங்கே வைத்தேன் என்று தெரியாது. கோயிலுக்கு எதிரே அகிலாண்டம் பக்கம் ஓடினேன், திருக்குளத்துக்கு ஓடினேன். புரட்டாசிக் கூட்டம், எங்கே பார்த்தாலும் மொட்டைத் தலை. ஒலிபெருக்கியில் சின்னாவின் பெயரைத் தெலுங்கில் சொன்னார்கள், தமிழில் சொன்னார்கள், கன்னடத்தில், இந்தியில் சொன்னார்கள். நான் என் மனத்தைத் தேற்றிக்கொண்டே இருந்தேன். அவனுக்குப் பெயர் தெரியும். ஊர் தெரியும். அப்பாவின் போன் நம்பர் தெரியும். பத்து எண்ணும் அவன் மனதில் நிற்க வேண்டும் என்று, காலையில் தெருவெல்லாம் கேட்கிற சுப்ரபாத மெட்டில் அதை அவனுக்குப் பாட்டாகவே பழக்கியிருந்தார் அவர். ஒருத்தர், யாராவது ஒரே ஒருத்தர் கேட்டால் போதும், பாடிவிடுவான்.

போன் அடிக்கவே இல்லை.

ஆறரை மணிக்குக் கிடைத்தான். ஒரு போலீஸ்காரரின் மேஜைக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கையில் யாரோ கொடுத்த பிஸ்கட் பாக்கெட், பிரிக்காமல். அவன் பக்கத்தில் ஆரஞ்சு சேலையில், என்னைப்போலவே சேவைக்கு வந்த ஓர் அம்மா, தர்மபுரிப் பக்கம். மூன்று மணிநேரமாக அவனோடேயே இருந்திருக்கிறார்.

"தனியா உக்காந்திருந்தான்மா, நாந்தான் கூட்டியாந்தேன். பேரு கேட்டேன், அப்பா பேரு கேட்டேன், ஊரு எதுன்னு கேட்டேன், போன் நம்பரு தெரியுமான்னு கேட்டேன். சாரும் தெலுங்குல கேட்டாரு. எது கேட்டாலும் தலைய குனிஞ்சுக்கறான். பாவம், பேச்சு வராத புள்ள போலன்னு நெனச்சோம்."

என் காலில் பலம் போனது. அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். சின்னா என்னைப் பார்த்துவிட்டான். அழவில்லை, ஓடிவரவும் இல்லை. பெஞ்சிலிருந்து இறங்கி, சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கப் போகிற பையனைப்போல என் முன்னால் வந்து நேராக நின்றான். கன்னத்தில் காய்ந்துபோன கண்ணீர்க் கோடு இருந்தது. எப்போதோ அழுதிருக்கிறான், வாயைத் திறக்காமல் அழுதிருக்கிறான்.

"நல்லா இந்தேனாம்மா?" என்றான்.

நான் பதில் சொல்லவில்லை. அவன் என் கையைப் பார்த்தான். ரெண்டு கையும் காலி. முதுகுப் பக்கம் எட்டிப்பார்த்தான். வடையைத் தேடுகிறான் என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் அங்கேயே, அத்தனை பேர் நடக்கிற இடத்தில், தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவனுக்கு மறதி இல்லை. முகாமோடு முடிந்த நாடகம் என்று நினைத்தவள் நான்தான். புதிய மனிதர் கேட்டால் பேசக்கூடாது. பேசாமல் இருந்தால் அம்மாவுக்குச் சந்தோஷம். ஒன்றரை வருஷமாக அவன் இதை ஒரு நாள்கூடத் தவறாமல் கடைப்பிடித்திருக்கிறான். நான் சொல்லிக்கொடுத்ததிலேயே அவன் இத்தனை சீக்கிரம், இத்தனை சுத்தமாகக் கற்றுக்கொண்டது வேறு எதுவும் இல்லை.

அன்று ராத்திரி கீழே இறங்குகிற பஸ்ஸில் அவன் என் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தான். மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு உடம்பு சாயும். கீழே திருப்பதி விளக்குகள் ஒரு பக்கம் தெரிந்து மறுபக்கம் மறைந்தன. தூங்கிவிட்டான் என்று நினைத்தேன்.

"சாவி," என்றான்.

"என்னா சாவி கண்ணு?"

"அந்த அம்மா காட்டிச்சே. அது சாவி." கொஞ்ச நேரம் கழித்து, நான் கவலைப்படக்கூடாது என்பதுபோல என் முழங்காலைத் தட்டிக்கொடுத்தான். "நான் சொல்லவே இல்ல."

மறுநாளே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி ஆகவில்லை. "இனிமே யாரு கேட்டாலும் பேசலாம் சின்னா" என்று ஆயிரம் தடவை சொன்னேன். பேசினால் வடை என்றுகூடச் சொன்னேன். அவன் குழம்பினான். என் முகத்தை இன்னும் அதிகமாகப் பார்க்க ஆரம்பித்தான். பவிதா மையத்து டீச்சரிடம் கடைசியில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் திட்டவில்லை. "அவன் பேசணும்னா நீங்க பக்கத்துல இருக்கக்கூடாதுமா," என்று மட்டும் சொன்னார். பதினைந்து வருஷமாக அவனைவிட்டு நகராமல் இருந்தவளுக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

கூட்டிப்போன வீடுகளுக்கெல்லாம் திரும்பப் போனேன். நான் சொல்லிக்கொடுத்தது தப்பு என்று சொன்னேன். சிலர் கேட்டுக்கொண்டார்கள். ஒரு வீட்டில், "ஒனக்கு ஆயிரத்தைநூறு வந்துடுச்சு, இப்ப எங்களுக்குப் புத்தி சொல்ல வந்துட்டியாக்கா?" என்றாள் ஒருத்தி. அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த 500ஐ நான் திருப்பிக்கொடுக்கவில்லை. மறுபரிசோதனை வேண்டும் என்று மனு எழுதி, கையெழுத்துப் போடாமல் பல மாதம் பீரோவில் வைத்திருந்தேன். பொய் சொல்லிச் சலுகை பெற்றால் இரண்டு வருஷம் வரை சிறை என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 91ஆம் பிரிவு சொல்கிறது. நான் பயந்தது அதற்கல்ல. மாதச் செலவுக்குப் பயந்தேன். 2019இல் அரசு மாறியதும் இரண்டு தட்டும் போய் எல்லோருக்கும் 3000 என்று ஆனது. என் பிள்ளையின் வாயை அடைத்து நான் வாங்கிய 15 பர்சன்ட்டுக்கு அதோடு வேலையில்லாமல் போனது.

காலிப்பர் போட்ட பெண்ணின் வீட்டுக்குப் போனபோது அவள் அம்மா ஒன்று சொன்னாள். அன்று முகாமிலிருந்து திரும்பியதும், "நான் நடக்கறது தப்பாம்மா?" என்று அந்தப் பிள்ளை கேட்டதாம். பிறகு படித்தாள், நன்றாகவே படித்தாள். 2024 அக்டோபரில், ஓம்கார் கோண்ட் என்ற மாணவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. பேச்சுக் குறைபாட்டுக்கு இத்தனை பர்சன்ட் என்று ஓர் எண்ணைக் காட்டி எம்.பி.பி.எஸ். இடத்தை மறுக்கக்கூடாது, அவரால் படிக்க முடியுமா என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்றது. செய்தியைப் படித்தபோது எனக்கு அந்தப் பெண்ணின் ஞாபகம்தான் வந்தது. கூடுதலாக இருந்தால் நல்லது என்று நான் ஏற்றிவைத்த எண், நாளைக்கு அவள் ஏதாவது வேலைக்குப் போய் நிற்கும்போது, இத்தனை பர்சன்ட்டா, முடியாது என்று அவளைத் திருப்பி அனுப்பலாம். அவளிடம் இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்க இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் அவள் காபி போட்டுக் கொடுத்தாள், குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

சின்னா பேசியது காணிப்பாக்கத்தில். கோயிலுக்குப் பக்கத்தில் தேங்காய்க்கடை வைத்திருக்கும் எங்கள் தூரத்து உறவுக்காரர், சும்மா உட்காரட்டும் என்று அவனைக் கூட்டிப்போனார். காணிப்பாக்கம் பிள்ளையாரின் கதை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பார்வையில்லாத, பேச்சில்லாத, காது கேளாத மூன்று சகோதரர்கள், கிணற்றைத் தோண்டும்போது கடப்பாரை பட்டு ரத்தம் வந்தது, சாமி கிடைத்தது, மூவர் குறையும் நீங்கியது. குறை நீங்கியதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முன்பே அந்த மூவரும் ஒருவருக்கொருவர் கண்ணும் காதும் வாயுமாக ஒரு காணி நிலத்தைப் பயிர் செய்துகொண்டிருந்தார்கள் என்பது எனக்கே இந்த வயதில்தான் மனதில் பட்டது. அந்தச் சந்நிதியில் பொய்ச்சத்தியம் செய்யக்கூடாது என்பார்கள். கடன் தகராறுகூட அங்கே குளத்தில் முழுகிச் சத்தியம் செய்தால் முடிந்துவிடும். 2015இல் என்னை அங்கே நிறுத்திக் கேட்டிருந்தால் நான் குளத்தில் இறங்கியிருக்கமாட்டேன்.

கடைக்காரர் சின்னாவை எதுவும் கேட்கவில்லை. தட்டுக்கு ஒரு தேங்காய், இரண்டு வாழைப்பழம், இரண்டு வெற்றிலை, ஒரு கற்பூரம் என்று அவன் எதிரே அடுக்குவார். ஒரு தட்டில் வேண்டுமென்றே ஒரு பழத்தை மட்டும் வைத்துவிட்டுத் திரும்பிக்கொள்வார். சின்னா கையை நீட்டிச் சரிசெய்வான். பிறகு பழத்தாரைக் கைக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிட்டார். மூன்று மாதம் போனது. ஒருநாள், கடை முன்னால் பத்துப் பேர் நிற்கும்போது, ஒற்றைப் பழத்தோடு ஒரு தட்டு யார் கைக்கோ போகப் பார்த்தது. பொறுக்கமுடியாமல் கத்தியிருக்கிறான்: "ரெண்டு!"

நான் அங்கே இல்லை. போனில்தான் கேட்டேன். மேல்தட்டிலிருந்து நோட்டை இறக்கி, தேதி போட்டு எழுதினேன்.

இப்போது பென்ஷன் 6000. 2025இல் வாங்குகிறவர்களை எல்லாம் மறுபடி பரிசோதிக்க ஆரம்பித்தார்கள். எங்களுக்கும் அழைப்பு வந்தது. சின்னாவுக்கு இருபத்திநாலு வயது. மீசை வந்துவிட்டது. கடைக்காரர் வாங்கிக்கொடுத்த கட்டம் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டான். வரிசையில் நிற்கும்போது அவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, நானும் எதுவும் சொல்லவில்லை. பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்த நான், கதவுவரை போய், அங்கேயே நின்றுவிட்டேன். "நீ போ," என்றேன். ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். போனான். கதவு சாத்திக்கொண்டது.

வெளி பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் ஓர் இளம்பெண், மடியில் எட்டு வயதுக் குழந்தை. தலையில் கனகாம்பரம், காலில் புதுச் செருப்பு. அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"நீங்க சதரம் அக்காதானே? எங்க அத்தை சொல்லிச்சு." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இது நல்லாவே பேசுங்கக்கா. நெறமெல்லாம் சொல்லும். உள்ள போனா பேசவுடலாமா, வேணாமா?"

மஞ்சள் கயிறு இல்லாத கழுத்து. கையில் செங்கல் தூக்கிக் காய்த்த காய்ப்பு. மாதம் 6000 இல்லாவிட்டால் அந்த வீட்டில் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து இன்னும் சத்தம் எதுவும் வரவில்லை.

நான் குனிந்து குழந்தையிடம், "உன் பேரு என்னா கண்ணு?" என்று கேட்டேன்.

அது வாயைத் திறந்தது. திறந்த வாயோடு திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தது. அம்மா என்னைப் பார்த்தாள்.